ஐந்து பொட்டலம் மண்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஆறு மாதமாக என் மனைவி தமயந்தி இதைச் சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு மகள் மிருதுளா அதைப் பிடுங்கித் துடைத்து என் கையில் கொடுத்தாள். "தினமும் எழுதுங்கப்பா. அன்னன்னைக்குப் படிச்சத எழுதுனாத்தான் மனசுல நிக்கும்" என்றாள். ஜன்னல் இப்போது காற்றுக்கு அடித்துக்கொண்டு கிடக்கிறது.

நான் படிக்கப் போவது இங்கிலீஷ். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானே சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் அர்த்தநாரி. ஊர் திருச்செங்கோடு. போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். பத்தொன்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பூமியில் ஓட்டை போடுவதுதான் தொழில். படிப்பு ஒன்பதாவது பாஸ். பத்தாவதில் இங்கிலீஷில் பதினேழு மார்க், அதுவும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுடைய உழைப்பு. வருடத்தில் பத்து மாதம் வண்டி வடக்கே கிடக்கும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டியும் நானும் வீடு வந்து சேருவோம்.

இந்தத் தடவை வந்த கையோடு முதலாளி குழந்தைவேல் கூப்பிட்டு அனுப்பினார். புது வண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறதாம். ஜாம்பியா என்று ஒரு நாடு. இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. சம்பளம் மூன்று மடங்கு. டிரில்லராக என்னைத்தான் மனதில் வைத்திருக்கிறார். ஒரே ஒரு தொல்லை. அங்கேயிருக்கிற கம்பெனி மேடம் கம்ப்யூட்டர் வழியாக என்னை நேர்காணல் செய்வார். இங்கிலீஷில். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி.

"வராதுன்னு மட்டும் சொல்லிப்போடாத அர்த்தநாரி. அப்புறம் உன்னிய நம்ம பழைய வண்டிக்குத்தான் மாத்தோணும்" என்றார்.

பழைய வண்டி என்பது சுற்றுவட்டாரத்தில் மட்டும் ஓடுவது. ஓடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஹாலில் ஃபேன் போடப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். ஆறு சுவிட்ச் இருக்கிறது. எது எதற்கு என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஜூலை 4, வெள்ளி

முதல் வகுப்பு. மிருதுளா பன்னிரண்டாவது படிக்கிறாள், இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல். குட் மார்னிங், ஹவ் ஆர் யூ என்று ஆரம்பிப்பாள் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தால், இலக்கணப் புத்தகத்தை நட்ட நடுவில் திறந்தாள். ஒரே மாதிரி அர்த்தமுள்ள சொற்கள் என்று ஒரு பக்கம். லேண்டு, கிரவுண்டு, சாயில், எர்த்.

"நாலும் மண்ணுதான சாமி?"

"அதுதான் இல்லீங்கப்பா. நாலும் வேற வேற. இது தெரியாமப் பேசுனா அந்த மேடம் சிரிப்பாங்க."

"முதல்ல பேரு சொல்ல, ஊரு சொல்லக் கத்துக்கலாமா?"

"அடித்தளம் சரியா இருக்கோணும்ப்பா. பேரெல்லாம் கடைசில பாத்துக்கலாம்."

போர் போடுகிறவனிடம் அடித்தளம் என்று சொன்னால் மறுத்துப் பேச முடியுமா?

முதலாளி கொடுத்த தாளையும் அவளிடம் கொடுத்தேன். மேடம் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளாம். மொத்தம் பன்னிரண்டு, வரிசை எண் போட்டு இங்கிலீஷில் அச்சடித்தது. "அப்புறம் பாக்கலாம்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஃபேன் போட்டேன். வாசல் லைட் எரிந்தது.

ஜூலை 7, திங்கள்

இதுவரை விளங்கியதை எழுதி வைக்கிறேன்.

லேண்டு: பட்டாவில் இருப்பது. வாங்கலாம், விற்கலாம். என் அண்ணனும் நானும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாமல் இருப்பது லேண்டுக்காக. சாயிலுக்காக எந்த அண்ணன் தம்பியும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

சாயில்: செடி வளருவது. கருவேப்பிலைத் தொட்டிக்குள் இருப்பது சாயில். தமயந்தி மோர்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவது சாயிலுக்கு. அதே தண்ணீரை வாசலில் வீசினால் அது கிரவுண்டு.

கிரவுண்டு: கால் நிற்கிற இடம். ரிக் வண்டிக்கு ஜாக்கி கொடுத்து நிறுத்துவது இதன் மேல்தான். சென்னைப் பக்கம் மனை அளப்பது கிரவுண்டில்தானே என்று கேட்டேன். அது சென்னையைத் தாண்டினால் செல்லாது என்றாள்.

எர்த்: தோண்டினால் வெளியே வருவது. மொத்த உலகத்துக்கும் அதே பேர்தானாம். எனக்கு இது முன்னமே பழக்கம். பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்கு எலக்ட்ரீசியன் சொல்வது. எர்த் இல்லாத ஒரு மிக்ஸியை ஒருமுறை தொட்டிருக்கிறேன்.

பரீட்சை வைத்தாள். நாலுக்கு ஒன்று.

ஜூலை 10, வியாழன்

நாலுக்கு ஒன்று. நேற்றுச் சரியாகச் சொன்னதை இன்றைக்குத் தப்பாகச் சொன்னேன், நேற்றுத் தப்பியதை இன்றைக்குப் பிடித்தேன். முன்னேற்றமா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூலை 12, சனி

தமயந்தி நூறு எலுமிச்சம்பழம் வாங்கி நறுக்கி உப்புப் போட்டாள். ஆப்பிரிக்காவுக்கு ஊறுகாய். முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜாடி.

"இத்தன பெருசா?"

"ரெண்டு வருசத்துக்கு வரோணுமில்லீங்க" என்றாள். அவள் நறுக்குகிற வேகத்தில் எனக்கு மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.

மாடியில் ஜாடியை ஏற்றியது நான். அதுதான் இன்றைக்கு உடற்பயிற்சி.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைக்கு ஒரு யோசனை வந்தது. வருடத்துக்கு ஒன்றுதான் வரும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

போர் போடும்போது எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. இருபது அடி ராடு ஒன்று உள்ளே இறங்கி முடிந்ததும், மேலே வந்த தூளில் ஒரு கை அள்ளி ஓரமாகக் குவித்து வைப்போம். அடுத்த ராடுக்கு அடுத்த குவியல். வரிசையாக. தோட்டக்காரர் வந்து பார்த்தால், எத்தனையாவது அடியில் மண், எங்கே சுக்கான் கல், எங்கே பாறை என்று நடந்துகொண்டே படித்துவிடலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் அது புத்தகம்.

எனக்கு நோட்டில் எழுதினால் நிற்கவில்லை. ஆகவே மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் குவியல் வைத்தேன். கருவேப்பிலைத் தொட்டி மண் ஒரு குவியல், சாயில். வாசலில் கால் பட்டு இறுகிய சரளை, கிரவுண்டு. பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் தோண்டிப் போட்ட செம்மண், எர்த். வண்டி நிற்கிற யார்டில் அள்ளி வந்த கறுப்புப் பாறைத் தூள், ராக். அது பாடத்தில் இல்லை, ஆனால் அது இல்லாமல் வரிசையை முடிக்க எனக்கு மனது வரவில்லை.

லேண்டுக்குத்தான் என்ன வைப்பது என்று தெரியவில்லை. அதை அள்ள முடியாதே. கடைசியில் பட்டாவின் ஜெராக்ஸை மடித்து, பறக்காமல் மேலே ஒரு கல் வைத்தேன்.

பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் தவறவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பரீட்சை. நாலுக்கு நாலு.

மாணவன் தேறினால் ஆசிரியர் முகம் இப்படி விழும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். மறுபடியும் கேட்டாள், மாற்றி மாற்றிக் கேட்டாள். மறுபடியும் நாலு. புத்தகத்தைப் புரட்டினாள். "அப்ப டெரிட்டரி, டெரெய்ன், எஸ்டேட், ஃபீல்டு. இதையும் படிக்கோணும்ப்பா."

"ஃபீல்டு தெரியும் சாமி. பத்தொம்பது வருசமா போர்வெல் ஃபீல்டுலதான இருக்கறன்."

"அது வேற."

"வாரம் ரெண்டு ஆச்சு. இன்னும் 'ஐயாம் அர்த்தநாரி' வரலியே."

"அவசரப்படாதீங்கப்பா."

கல்வி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது. மெதுவாக, ஆழமாக.

ஜூலை 22, செவ்வாய்

முதலாளி போன் செய்தார். "எதுவரைக்கும் வந்திருக்கற?"

"இன்னும் மண்ணுலதானுங்க இருக்கறம் மொதலாளி."

"பாறைக்கு எப்ப வருவ?"

கேலியா, தொழில்முறைக் கேள்வியா என்று தெரியாததால், சீக்கிரம் வந்துவிடும் என்று சொன்னேன்.

மத்தியானம் தட்டில் எலுமிச்சை ஊறுகாய். உப்பு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, தோல் கசந்தது. "இது ஆப்பிரிக்காவுக்குப் போறதில்ல?" என்று கேட்டேன்.

"உப்புப் பாக்கறதுக்கு எடுத்தேனுங்க."

பிறகு தயிர் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எட்டாங் கிளாஸ் பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு மூணு நாள்ல இங்கிலீஷ் பேசச் சொல்லிக் குடுத்தவ உங்க மக. உங்கள மட்டும் மூணு வாரமா மண்ணுலயே பொரட்டிட்டு இருக்கறா. கொஞ்சம் ரோசன பண்ணிப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு மூளை மட்டு, அதனால்தான் நேரம் பிடிக்கிறது. வேறு என்ன இருக்கப் போகிறது.

ஃபேன் போட்டேன். அடுப்படி லைட்.

ஜூலை 25, வெள்ளி

மறுபடியும் ஊறுகாய். மறுபடியும் உப்புப் பார்க்க.

ஜூலை 26, சனி

அரிசி எடுத்துக் கொடுங்கள் என்றாள் தமயந்தி. டிரம்முக்குள் கையை விட்டால் நாலாக மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. பழைய தாள் ஏதோ என்று பிரித்தேன். முதலாளி கொடுத்த பன்னிரண்டு கேள்வி.

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மிருதுளா பென்சிலால் தமிழ் எழுதியிருக்கிறாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று பதிலும் தமிழ் எழுத்தில். என்ன அழகான கையெழுத்து. பத்தாவது கேள்வி வரைக்கும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. பதினோராவதில் மட்டும் எழுதி அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, தாளே தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. பென்சிலை அழித்தாலும் தடம் போகாது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது: இரண்டு வருடம் வீட்டை விட்டு இருக்க முடியுமா?

பதில் எழுதவில்லை.

தாளை அதே மாதிரி மடித்து அரிசிக்குள் அதே இடத்தில் வைத்துவிட்டேன். இதைப்பற்றி மிருதுளாவிடம் கேட்க நினைத்தேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்குப் பாடம்: எஸ்டேட்.

எஸ்டேட் எனக்கு விளங்கவே இல்லை, இன்னும் ரெண்டு நாள் ஆகும் சாமி என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மூன்று பேரும் ஒரே பைக்கில் காவிரிக்குப் போனோம். இந்த நோம்பிக்கு நான் ஊரில் இருப்பது எப்போதாவதுதான். பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். ஊறுகாய் தாராளம். உப்பு இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் ஜாடி முக்கால்வாசி இறங்கிவிட்டது.

"இந்த மணலுக்கு இங்கிலீஷ்ல என்ன சாமி?"

"அது பாடத்துல இல்லீங்கப்பா" என்றாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த பதினெட்டுக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், கட்டுச்சோற்றை எனக்கு இன்னொரு கை வைத்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளைக்கு நேர்காணல். குவியல்களைப் பொட்டலம் கட்டினேன். நாலு மண், ஐந்தாவதில் பட்டா. பரீட்சைக்குப் பிட்டு எடுத்துப் போவது எனக்குப் புதிதல்ல, ஆனால் கிலோ கணக்கில் எடுத்துப் போவது இதுதான் முதல் தடவை.

மிருதுளா தானும் வருவேன் என்கிறாள். "நீங்க பயந்துக்குவீங்க."

தமயந்தி என் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். மேல் பட்டன் இல்லை. இருக்கிற சட்டையில் பட்டன் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி ஆபீஸ். கண்ணாடி மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். ஒரு பக்கம் முதலாளி. மிருதுளா தண்ணீர் பாட்டிலோடு கதவோரம். திரையில் மேடம் வந்தார். என் அக்கா வயது இருக்கும். பெயர் மிஸஸ் பண்டா. நிலத்தடி நீர் படித்தவராம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

பெயர் கேட்டார். சொன்னேன். எத்தனை வருடம் என்றார், நைன்டீன் என்றேன். எங்கெங்கே வேலை என்றார், ஊர்ப் பெயர்களை அடுக்கினேன். ஊர்ப் பெயருக்கு இங்கிலீஷ் தேவைப்படாதது பெரிய வசதி. அதற்கப்புறம் வேகமாக ஏதோ கேட்டார். நடுவில் 'கிரவுண்டு' மட்டும் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காற்று. முதலாளி என் தொடையைக் கிள்ளினார்.

"ஒன் மினிட் மேடம்" என்றேன். பொட்டலங்களை எடுத்து, முதலாளியின் கண்ணாடி மேஜைமேல் பிரித்து வரிசையாகக் கொட்டினேன்.

"அடேய், மேஜ" என்றார் முதலாளி.

கம்ப்யூட்டரை மண்ணுக்கு நேராகச் சாய்த்தேன். "திஸ் சாயில், மேடம். கருவேப்பிலை, குட். திஸ் கிரவுண்டு. வண்டி, ஜாக்கி, ஸ்டாண்டிங். திஸ் எர்த். ட்வென்டி ஃபீட், ஃபார்ட்டி ஃபீட், சாஃப்ட். கேசிங் பைப் புட். திஸ் ராக். ஹார்டு. நோ கேசிங். ஒன்லி டிரில்லிங். வாட்டர் கம்மிங்."

மேடம் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். அடுத்து அவர் கேட்டது எல்லாம் இதில்தான். எந்த மண்ணுக்குச் சரிவைத் தடுக்க எத்தனை அடி பைப், மண் சரிந்தால் என்ன செய்வேன், பாறை மாறுவது எப்படித் தெரியும். எனக்கு மண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும், அவருக்கு மண் தெரியும். நடுவில் இருந்த மற்ற வார்த்தைகளைக் கையாலேயே சமாளித்தோம். ஒரு குவியலைத் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன். அவர் அங்கே அதே மாதிரி விரலைத் தேய்த்தார்.

ஐந்தாவது என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் பழையபடி நிமிர்த்திவிட்டுப் பட்டாவை விரித்துக் காட்டினேன். "லேண்டு, மேடம். மை பிரதர், சிக்ஸ் இயர்ஸ், நோ டாக்கிங்."

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அங்கேயும் அப்படித்தானாம்.

முதலாளி மேஜையை மறந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். மிருதுளா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பன் இப்படி வெளுத்துக்கட்டுவதைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் பெருமையாக இருக்கும். இவளுக்கு உதடு வெளுத்திருந்தது.

பத்து கேள்வி வரைக்கும் தப்பித்துவிட்டேன். பதினோராவது மட்டும் புரியவில்லை.

மேடம் மெதுவாகத்தான் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாக இடைவெளி விட்டு. நான் தலையை ஆட்டி, "நோ இங்கிலீஷ், மேடம்" என்றேன்.

மறுபடி கேட்டார். டூ இயர்ஸ் என்று இரண்டு விரலைக் காட்டினார். ஹோம் என்று இரண்டு கையையும் கூரை மாதிரி கூட்டிக் காட்டினார்.

"நோ இங்கிலீஷ், மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தார். தேங்க்யூ மிஸ்டர் அர்த்தநாரி என்று சொல்லி, பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்காமலே போய்விட்டார்.

"அதுகூடவாடா தெரியல?" என்றார் முதலாளி.

"கோபுரம்னு நெனச்சனுங்க மொதலாளி."

வரும்போது பைக்கில் பின்னால் இருந்து மிருதுளா கேட்டாள். "ஹோம்னா தெரியாதாப்பா உங்களுக்கு?"

"நீ சொல்லிக் குடுக்கலியே சாமி. நீ மண்ணுக்கு மட்டும்தான சொல்லிக் குடுத்த."

வீட்டுக்கு வந்து இறங்கியபோது என் சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. வழியில் தூறல் போட்டிருக்கும். ரோடு மட்டும் காய்ந்திருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டார். மேஜையில் கீறல் விழுந்திருக்கிறது. அதை முதலில் காட்டினார். பிறகு மேடம் அனுப்பிய மெயிலை மேனேஜரிடம் தமிழில் எழுதி வாங்கி வைத்திருந்ததைப் படித்தார்.

"இந்த ஆளுக்கு மண்ணப் பத்தித் தெரியாத வார்த்தையே இல்ல. இதுவரைக்கும் நான் பாத்த டிரில்லர்லயே ஒசத்தி. ஆனா ஹோம்ங்கற ஒரு வார்த்த தெரியல. ஆகையால இப்பக் கூப்பிட முடியாது. ஒரு ரெண்டு வருசம் வீட்டுலயே வெச்சு அத நல்லாச் சொல்லிக் குடுங்க."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதென்ன கிண்டலா, நெசமாவே சொல்லுதா அந்தம்மா? எனக்கொண்ணும் வெளங்கல."

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து பழைய வண்டி.

வீட்டில் சொன்னேன். தமயந்தி, "அப்படீங்களா" என்றாள், ஏதோ பால்காரர் வரவில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி. ஊறுகாய் ஜாடி கழுவிக் கவிழ்த்திருந்தது. எப்போது கவிழ்த்தாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே என்றாள். நேர்காணலே சனிக்கிழமைதானே என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழைய வண்டியில் முதல் நாள். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு தென்னந்தோப்பு. காலையில் இரண்டு தடவை நின்றது, மத்தியானம் நின்றது, நாலு மணிக்கு நின்றதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டோம். சோறு வீட்டுக்கு வந்து தின்றேன். மூன்றாவது ராடில் நல்ல எர்த், ஏழாவதில் ராக்.

ஆறு மணிக்கெல்லாம் வீடு. மிருதுளா தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வியர்வையாக இருக்கிறதே என்று ஃபேன் சுவிட்சைப் போட்டேன். மாடியில் மோட்டார் ஓடியது.

"ரெண்டாவதுப்பா" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இன்றைக்கு அது ஒன்று போதும். இன்னும் ஐந்து இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.